குழல் முன், யாழ் பின்: தொண்டைநாட்டு இலக்கியச் சான்றுகள்வழி ஒரு சுருதி விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ரெக்கார்டர் என்னும் குழல், ஹார்ப் என்னும் நரம்புக் கருவி, வில்லிட்டு இசைக்கும் நரம்பிசைக் குழு ஆகிய மூன்றும் கூடி இசைக்கும் அமைப்பு மேலை இசையில் உண்டு. இம்மூன்று கருவியினமும் சுருதியைக் கையாளும் முறையில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, பெரும்பாணாற்றுப்படை காட்டும் குழலையும் யாழையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை குழலை முன்னும் யாழைப் பின்னும் வைப்பது வெறும் வருணனை வரிசை அன்று. துளையிட்டபின் மாறாத கருவிக்கு, முறுக்கி மாற்றத்தக்க கருவி இணங்கும் இசை நடைமுறையின் பதிவே அது என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனால் யாழின் உறுப்பாகிய திவவைப் பொருள்கொள்ளும் முறையும், இன்றைய யாழ் மீட்டுருவாக்க முயற்சிகளின் தொடக்கப் புள்ளியும் மறு ஆய்வுக்கு உரியவையாகின்றன.

திறவுச்சொற்கள்: குழல், வில்யாழ், திவவு, சுருதி, பெரும்பாணாற்றுப்படை, அரங்கேற்று காதை, தொண்டைநாடு, மீட்டுருவாக்கம்

முன்னுரை

மேலை இசைநிகழ்ச்சி ஒன்றின் நிரலைத் தமிழில் தருபவர் ‘ரெக்கார்டர்’ என்பதைக் ‘குழல்’ என்றும், ‘ஹார்ப்’ என்பதை ‘யாழ்’ என்றும் தயக்கமின்றி எழுதிவிடுகிறார். ஹார்ப்புக்கு ‘வீணை’ என்று எழுதுவாரும் உளர். சொல்லுக்குச் சொல் கிடைத்துவிட்டது என்னும் நிறைவில், இக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, ஒன்றோடொன்று எவ்வாறு இணங்குகின்றன என்னும் வினா எழுவதில்லை. மற்றொரு புறம், குழலும் யாழும் சேர்த்துப் பேசப்படும் சங்க இலக்கிய இடங்களைச் சுட்டி, மேலைநாட்டார் கண்ட சேர்ந்திசையைத் தமிழர் முன்பே கண்டனர் என்று கூறும் வழக்கமும் நம்மிடையே உண்டு. முன்னது பெயரொப்புமையோடு நின்றுவிடுகிறது. பின்னது சான்று தாங்காத முடிவுக்குத் தாவுகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. கருவிகளின் பெயரை விடுத்து, அவற்றின் சுருதி இயல்பை ஒப்பிடுவதே அது. அவ்வாறு ஒப்பிடும்போது, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய தொண்டைநாடு இவ்வாய்வுக்குத் தக்க களமாக அமைகிறது. யாழின் உறுப்புகளை விரித்துரைக்கும் ஆற்றுப்படை நூல் இந்நாட்டு வேந்தனைப் பாடியது. குழலும் யாழும் ஒரே கலைஞன் கையில் அடுத்தடுத்து ஒலிப்பதும் அதே நூலில்தான்.

மூவகைச் சுருதி நிலைகள்

ஐரோப்பிய இசையில் ‘சூட்’ எனப்படும் தொடரிசை, பல சிறு இசைப்பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் வடிவமாகும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அப்பகுதிகள் பெரும்பாலும் ஆடல் வகைகளை ஒட்டியனவாகவும், ஒரே அடிப்படைச் சுரத்தைச் சார்ந்தனவாகவும் அமைந்தன. டெலிமான் இயற்றிய, ரெக்கார்டருக்கும் நரம்பிசைக் குழுவுக்கும் உரிய ஏ மைனர் தொடரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கப் பகுதி ஒன்றும் அதனைத் தொடரும் ஆறு சிறு பகுதிகளும் கொண்டது அது. ரெக்கார்டர், ஹார்ப், நரம்பிசைக் குழு ஆகிய மூன்றும் ஒருங்கே வருவதை 1736இல் இலண்டனில் இசைக்கப்பட்ட ஹாண்டலின் ஹார்ப் கான்செர்ட்டோவில் காணலாம். அது தொடரிசை அன்று. எனினும் நம் நோக்கத்திற்குப் பெரிதும் உதவுவது. அதில் வயலின்கள் ஒலியடக்கி பொருத்தி இசைக்கப்படுகின்றன. கீழ்த்தானக் கருவிகள் வில்லை விடுத்து விரலால் மீட்டப்படுகின்றன. இரு ரெக்கார்டர்கள் உடன் ஒலிக்கின்றன. ஹார்ப்பின் மென்மையான ஒலி கேட்கும் பொருட்டுப் பிற கருவிகள் தம் ஒலியைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு இது.

ஒலியளவில் இவ்வாறு விட்டுக்கொடுக்கும் கருவிகள் சுருதியளவில் எவ்வாறு நடந்துகொள்கின்றன? இங்கு மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, நிலைத்த சுருதி. ரெக்கார்டரின் வாய்ப்பகுதியில் மரக்கட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அக்கட்டையை ஒட்டிய குறுகிய வழியாகச் செல்லும் காற்று கூர்விளிம்பில் மோதி ஒலிக்கிறது. உதட்டின் கோணத்தை மாற்றிச் சுருதியைத் திருத்தும் வாய்ப்பு இதில் இல்லை. ஓங்கி ஊதினால் சுருதி ஏறும். மெல்ல ஊதினால் இறங்கும். ஆகவே இசைஞர் தமக்கு வேண்டிய சுருதியைப் பெறப் பெரும்பாலும் துளைகளின் அமைப்பையே நம்பியிருக்கிறார்.

இரண்டாவது, முன்னமைத்த சுருதி. ஹார்ப்பின் நரம்புகள் விரலால் அழுத்தப்படாமல் திறந்த நிலையில் மீட்டப்படுகின்றன. ஒரு நரம்பு ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே தரும். வாசிக்கத் தொடங்கும் முன்பே பண்ணுக்கேற்ப நரம்புகளை இசைகூட்டிக்கொள்ள வேண்டும். இக்குறையை நீக்க எரார் 1810இல் இரட்டை நிலை மிதிகட்டை அமைப்பை உருவாக்கினார். இன்றைய ஹார்ப்பில் 47 நரம்புகளும் 7 மிதிகட்டைகளும் உள்ளன. ஒவ்வொரு மிதிகட்டையும் ஒரு சுரத்தை மூன்று நிலைகளில் நிறுத்தவல்லது.

மூன்றாவது, கட்டற்ற சுருதி. வயலின் இனக் கருவிகளில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கு அழுத்துகிறதோ அங்குச் சுரம் பிறக்கிறது. காதால் கேட்டு, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுருதியைத் திருத்திக்கொள்ள இயலும்.

இம்மூன்றும் கூடும்போது, எளிதில் மாற இயலாததற்கு மாற இயன்றது இணங்கிப்போகும். குழல் ஒலிக்கும் சுருதிக்கு ஹார்ப் முன்னதாக இசைகூட்டப்படுகிறது. வயலின் குழு இரண்டையும் கேட்டு இணங்குகிறது. மேலை இசைக்கே உரிய மரபாக இதனைக் கருத வேண்டியதில்லை. கருவிகளின் இயற்கையே இதனை வேண்டுகிறது. எனவே இதே இயற்கை பழந்தமிழ்க் கருவிகளிலும் தன் தடத்தை விட்டிருத்தல் வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையின் இரு யாழ்கள்

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடிய நூல் பெரும்பாணாற்றுப்படை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இது அச்சில் பரவலாகக் கிடைத்தது. பரிசில் பெறச் செல்லும் பாணன் கடக்கும் நிலங்களை வரிசையாகக் காட்டும் இந்நூல், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும், கலங்களுக்கு வழிகாட்டும் உயர்ந்த கலங்கரை விளக்கத்தையும் கூறிப் பின் கச்சியை அடைகிறது. அத்துறைமுகத்தை மாமல்லபுரத்தோடு பொருத்துவாரும், அதற்குத் தெற்கே உள்ள வசவசமுத்திரத்தோடு பொருத்துவாரும் உளர். எவ்வாறாயினும், இந்நூலின் வழி இன்றைய மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியைத் தொட்டே செல்கிறது எனலாம்.

இந்நூலில் யாழ் இரண்டு இடங்களில் கருவியமைப்போடு பேசப்படுகிறது. தொடக்கத்தில் வருவது பெரும்பாணனின் பேரியாழ். அதன் தோற்போர்வையின் நிறத்திற்குப் பாதிரிப்பூவின் உட்பகுதியும், துளைகளுக்குக் கமுகம்பாளையின் கருவும், இருண்ட வாய்க்கு நீர் வற்றிய சுனையும், கவைத்த கடைப்பகுதிக்குப் பிறைநிலவும், கரிய தண்டாகிய மருப்பிற்கு நீலமணியின் ஒழுக்கும், நரம்பிற்கு வார்ந்த பொன்னும் உவமைகளாகின்றன. வார்க்கட்டாகிய திவவுக்கு இளம்பெண்ணின் முன்கை வளை உவமையாகிறது. இது தொழில்முறைக் கலைஞனின் கருவி. பல கைவினைகள் கூடிச் செய்தது.

இரண்டாவது, முல்லைநிலத்தில் ஆநிரை மேய்க்கும் இடையன் தானே செய்துகொண்ட வில்யாழ். அவன் தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அந்நெருப்புக் கொள்ளியால் துளையிட்டுக் குழல் செய்கிறான். அக்குழலில் பாலைப்பண்ணை இசைக்கிறான். அதில் வெறுப்புத் தோன்றியவிடத்து, குமிழ மரத்தின் உட்டுளை உடைய கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டிய வில்யாழில் குறிஞ்சிப்பண்ணை விரலால் எறிந்து இசைக்கிறான். அவ்வொலியைத் தம் இனத்தின் ஒலி எனக் கருதி வண்டுகள் செவிகொடுக்கின்றன.

இப்பகுதியின் இயற்கை நயம் பலராலும் பாராட்டப்பெற்றுள்ளது. கருவியியல் நோக்கில் இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, மரல் என்பது இன்று மருள் என வழங்கும் செடி. அதன் நார் வில்லின் நாணுக்குப் பயன்பட்டது. எனவே வில்யாழ் என்னும் பெயர் வடிவ உவமை மட்டும் அன்று. நாண்பொருளே நரம்பாகவும் அமைந்த கருவிக்கு அது பொருத்தமான பெயர். இரண்டு, வண்டின் முரற்சியோடு ஒப்பிடப்படுவது குழலின் ஒலி அன்று, நார் நரம்பின் அதிர்வொலி. புலவரின் செவி நுட்பம் இதில் புலப்படும். மூன்று, பண் மாறும்போது கருவியும் மாறுகிறது. இம்மூன்றாவது செய்தியே இக்கட்டுரைக்கு மையமானது.

பண் மாற, கருவி மாறுவது ஏன்?

இடையன் ஒரு கருவியில் சலிப்புற்று மற்றொன்றை எடுத்தான் என்பதே பாட்டின் நேர்ப்பொருள். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் புலவர் கருவியைச் சொல்வதோடு நில்லாமல் பண்ணையும் குறிப்பிட்டு, இரண்டையும் இணைத்தே மாற்றுகிறார். நெருப்பால் துளையிட்ட எளிய குழலில் துளைகளின் இடைவெளி ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான். அரைத்துளை மூடியும் ஊதும் விசையை மாற்றியும் பிற சுரங்களைப் பெறலாம் எனினும், அக்குழலுக்கு இயல்பாக வாய்ப்பது ஒரு பண்ணே. வில்யாழிலோ நரம்பின் முறுக்கை மாற்றி வேறு பண்ணுக்கு இசைகூட்டலாம். எனவே பாலையிலிருந்து குறிஞ்சிக்குச் செல்ல விழையும் இடையன் குழலை வைத்துவிட்டு யாழை எடுப்பது கருவிகளின் இயல்போடு முற்றும் பொருந்துகிறது. பாலையும் குறிஞ்சியும் இன்றைய எந்த இராகங்களுக்கு நிகர் என்னும் விவாதம் இம்முடிவுக்குத் தேவையன்று. அவை வேறு வேறு பண்கள் என்பதே போதுமானது.

சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்னும் மூவகைக் குழல்கள் பேசப்படுவதையும் இங்கு இணைத்து நோக்கலாம். இவை கருவி வகைகள் என்றும், பண்கள் என்றும் இருவகையாகப் பொருள்கொள்ளும் மரபு உரைகளில் உண்டு. பண்ணுக்கு ஒரு குழல் என்னும் நடைமுறை இருந்திருப்பின், கருவிப்பெயரும் பண்பெயரும் ஒன்றோடொன்று மயங்குவது இயல்பே. அம்மயக்கம்தான் இருவகைப் பொருளுக்கும் இடமளித்தது என்று கருதலாம்.

குழலின் அளவும் அதன் நிலைத்தன்மையும்

இடையனின் குழல் எளியது. அரங்கிற்குரிய குழலாகிய வங்கியத்தின் அளவை அடியார்க்குநல்லார் தம் சிலப்பதிகார உரையில் தருகிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றால் அது செய்யப்படும். நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். இடமுகம் அடைக்கப்பட்டு வலமுகம் திறந்திருக்கும். தூம்பு முகத்தில் 2 விரல் நீக்கி ஊதும் முதல்வாய். அதிலிருந்து 7 விரல் இடைவெளி. மறுமுனையில் 2 விரல் நீக்கம். எஞ்சிய 9 விரலில் 8 துளைகள். இந்நான்கு அளவுகளையும் கூட்டினால் சரியாக 20 வருகிறது. எட்டுத் துளைகளில் ஒன்று முத்திரை எனக் கழிக்கப்பட, ஏழு துளைகளில் ஏழு விரல் வைத்து ஊதப்படும்.

ரெக்கார்டரிலும் துளைகள் எட்டு. முன்புறம் ஏழும் பின்புறம் பெருவிரலுக்கு ஒன்றும் உள்ளன. எண்ணிக்கை ஒத்திருப்பினும் இரண்டும் ஒன்றல்ல. வங்கியம் பக்கவாட்டில் பிடித்து ஊதுவது. ரெக்கார்டர் நேராகப் பிடித்து ஊதுவது. வங்கியத்தில் உதடு நேரே துளையைத் தொடுவதால் சுருதியைச் சிறிது வளைக்க இடமுண்டு. ரெக்கார்டரில் அவ்விடம் மிகக் குறைவு. ஆகவே ‘குழல்’ என்பது இரண்டையும் தழுவும் பொதுப்பெயராகலாம். ஒன்றுக்கு மற்றொன்றை நிகராக்கும் சிறப்புப்பெயராகாது. இரண்டுக்கும் உண்மையில் பொதுவாக உள்ளது, அளவிட்டுத் துளைத்தபின் அடிப்படைச் சுருதி மாறாமை என்பதே.

மாறாமை என்பதும் முழுமையானது அன்று. குழலின் சுருதி காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. காற்றில் ஒலியின் விரைவு வெப்பநிலைக்கு ஏற்ப உயர்வதால், குழலினுள் காற்று 25 பாகை செல்சியசிலிருந்து 35 பாகைக்குச் சென்றால் சுருதி ஏறத்தாழ 28 சென்ட் உயரும் எனக் கணக்கிடலாம். ஒரு தானம் 1200 சென்ட் கொண்டது. இசைநூலார் கூறும் பிரமாண சுருதி ஏறத்தாழ 22 சென்ட். எனவே இவ்வுயர்வு செவிக்குப் புலப்படும் அளவினதே. கடற்கரையின் ஈரக்காற்றில் நார் நரம்பும் தோற்போர்வையும் தம் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும். குழலின் சுருதி மாற்றத்தை இசைஞர் பெரிதும் தடுக்க இயலாது. நரம்பின் மாற்றத்தையோ அவ்வப்போது திருத்த இயலும். திருத்தும் பொறுப்பு நரம்புக் கருவியையே சார்கிறது.

திவவு: இசைகூட்டும் உறுப்பு

யாழுக்கும் வீணைக்கும் உள்ள வேறுபாட்டை இங்குத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஹார்ப் இனத்தில் நரம்புகள் அமையும் தளம் ஒலிப்பலகைக்குச் செங்குத்தாக நிற்கும். வீணை போன்ற கருவிகளில் நரம்புகள் பலகைக்கு இணையாகச் செல்லும். வளைந்த மருப்பிலிருந்து பத்தரை நோக்கி நரம்புகள் இறங்கும் யாழ் முன்னைய இனத்தது. ஆதலின் ஹார்ப்புக்கு ‘யாழ்’ என்பது அமைப்பு நோக்கில் சரியான பெயர். ‘வீணை’ என்பது பிழை. எனினும் மிதிகட்டையும் முன்தூணும் உடைய இன்றைய ஹார்ப் வேறொரு வளர்ச்சிநிலை. யாழுக்கு நெருங்கிய உறவுடையவை மியான்மரின் சௌங் என்னும் வளைவு யாழும், மத்தியப் பிரதேசத்துப் பர்தான் மக்களின் பீன்பாஜாவும் ஆகும்.

சௌங் கருவியில் 16 நரம்புகள் வழக்கில் உள்ளன. மரபான சௌங்கில் அந்நரம்புகள் வளைந்த தண்டில் செந்நிறப் பருத்திக் கயிறுகளால் கட்டப்பட்டிருக்கும். அக்கயிறுகளை முறுக்கியும் நகர்த்தியும் சுருதி கூட்டுவர். முறுக்காணிகள் பிற்காலத்து வரவு. பெரும்பாணாற்றுப்படை திவவைக் கூறும்போது, அது நெகிழவும் இறுகவும் வல்லது என்னும் பொருள்பட அடைமொழி தருகிறது. வளை என்னும் உவமை தண்டைச் சுற்றிய கட்டு என்பதைக் காட்ட, அடைமொழி அதன் தொழிலைக் காட்டுகிறது. சௌங்கின் பருத்திக்கட்டையும் இவ்வடைமொழியையும் அருகருகே வைத்து நோக்கினால், திவவை அழகுக்கான வளையம் என்றோ வீணையின் மெட்டு என்றோ கொள்வதற்கு இடமில்லை. நரம்பை ஏற்றியும் இறக்கியும் இசைகூட்டும் வார்க்கட்டே திவவு. எராரின் மிதிகட்டை எந்தத் தேவைக்கு எழுந்ததோ, அத்தேவையை நெடுங்காலம் முன்பு வேறொரு வழியில் நிறைவேற்றிய உறுப்பு இது. ஒரு வேறுபாடு உண்டு: மிதிகட்டை இசைத்துக்கொண்டிருக்கும்போதே மாற்ற உதவும், திவவை மாற்ற இசையை நிறுத்த வேண்டும்.

அரங்கில் வரிசை

இடையன் தனியொருவன், அவன் குழலும் யாழும் ஒருங்கே ஒலிக்கவில்லை. இரண்டும் ஒருங்கே ஒலிக்கும் காட்சிக்குத் தொண்டைநாட்டை விடுத்துப் புகாரின் அரங்கிற்குச் செல்லவேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குக் கருவிகள் இயங்கும் முறை கூறப்படுகிறது. குழலின் வழியில் யாழும், யாழின் வழியில் தண்ணுமையும், தண்ணுமையின் பின் முழவும் நிற்க, முழவோடு கூடி ஆமந்திரிகை ஒலிக்கிறது.

இவ்வரிசையைக் கருவிகளின் சிறப்பு வரிசை என்று கொள்ள இயலாது. சிறப்பே அளவாயின் அதே காதையில் 14 நரம்பின் வழியே பாலை நிலைகளை விரித்துக் காட்ட இடம்பெற்ற யாழே முன்னிற்றல் வேண்டும். ஒலியளவு வரிசை எனின் முழவே முன்வர வேண்டும். சுருதி இயல்பை அளவாகக் கொண்டால் மட்டும் இவ்வரிசை முற்றும் விளங்குகிறது: துளையிட்டு நிலைத்த குழல் முதலில், அதற்கு இசைகூட்டப்பெற்ற யாழ் அடுத்து, யாழின் ஆதார சுருதிக்கு இணங்கத் தோலை இறுக்கிய தண்ணுமை அதன்பின். மாற இயலாததிலிருந்து மாற இயல்வதை நோக்கி இவ்வரிசை செல்கிறது. காதையில் இசைக்கு உரியனவாக யாழ், குழல், தாளம் ஆகியவற்றோடு மிடறும் எண்ணப்படுதல் கருதத்தக்கது. கட்டற்ற சுருதியை உடைய மனிதக் குரலே, மேலைத் தொடரிசையில் வில்நரம்புக் குழுவுக்கு உள்ள இடத்தைத் தமிழிசையில் வகித்தது எனலாம்.

இவ்விடத்தில் எல்லை ஒன்றையும் வரையறுத்தல் நலம். ‘வழி நிற்றல்’ என்பது ஒன்றைப் பின்பற்றி இசைத்தல். வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கும் மேலைச் சேர்ந்திசைக்கு இது சான்றாகாது. தமிழர் இசையரங்கின் பெருமை, பிறிதொன்றின் முன்னோடி என்பதில் இல்லை. பல இயல்புடைய கருவிகளை ஒரே சுருதியில் நிறுத்திய ஒழுங்கில் உள்ளது.

யாழின் எல்லையும் வழக்கிழப்பும்

முன்னமைத்த சுருதியின் எல்லையைப் பெரியபுராணச் செய்தி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன்சென்றதைப் பாடுகிறார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழில் அடங்காமற்போக, யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்கத் துணிகிறார், சம்பந்தர் தடுக்கிறார். அப்பதிகம் யாழ்மூரி எனப்படுகிறது. இதனை அருட்செயல் என்பது சமய நோக்கு. இசை நோக்கில் இதில் ஒரு தொழில்நுட்பச் செய்தி பொதிந்துள்ளது: திறந்த நரம்பில் பிறக்கும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு மிடறு போல வழுக்கிச் செல்ல யாழால் இயலாது.

பல்லவர் காலத்தில் அழுத்தி இசைக்கும் வீணை செல்வாக்குப் பெறுவதைத் தொண்டைநாட்டுக் கல்லிலேயே காணலாம். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன், காஞ்சிக் கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் வீணையில் நாரதன் போன்றவன் எனப் பொருள்படும் பட்டப்பெயரைத் தாங்குகிறான். வேந்தன் தன் இசைத்திறத்தைச் சொல்லத் தேர்ந்தது வீணையின் பெயர் என்பது குறிக்கத்தக்கது. பின்னர், 19ஆம் நூற்றாண்டில், மிடற்றின் அசைவுகளை அப்படியே பின்பற்றவல்ல வயலின் தமிழகத்தில் நிலைபெற்றது. அதனைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக்கிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) தொண்டைநாட்டு மணலியில் ஆதரவு பெற்றவர் என்பது, நிலைத்தது, முன்னமைத்தது, கட்டற்றது ஆகிய மூன்று சுருதி நிலைகளுக்கும் இந்நாட்டு வரலாற்றில் இடமுண்டு என்பதைக் காட்டுகிறது. 1988இல் இளையராசா, அரிபிரசாத் சௌரசியாவின் குழலோடு மேலை நரம்பிசைக் குழுவை இணைத்து ‘நத்திங் பட் விண்ட்’ என்னும் இசைத்தொகுப்பைத் தந்தபோது, நிலைத்ததும் கட்டற்றதும் மீண்டும் எதிர்நின்று இணங்கின. இடையில் இருந்த யாழ்தான் அங்கில்லை.

மீட்டுருவாக்கத்திற்கு ஒரு முன்மொழிவு

ரெக்கார்டரும் ஒரு காலத்தில் வழக்கிழந்த கருவியே. 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பக்கவாட்டுக் குழல் அதன் இடத்தைக் கைப்பற்றியது. ஆர்னால்டு டோல்மெட்ச் 1919இல் அதனை மீண்டும் செய்தபோது, பழங்கருவிகள் எஞ்சியிருந்தன. 1535இல் வெனிசில் வெளிவந்த கனாசியின் நூல் போன்ற விரல்வைப்பு விளக்கங்களும் இருந்தன. யாழின் நிலை வேறு. விபுலானந்த அடிகள் 1947இல் ‘யாழ்நூலை’ அரங்கேற்றியபோது, அவர் கையில் இருந்தவை பாட்டும் உரையும் கணக்குமே. அளந்து பார்க்கப் பழைய யாழ் ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே ரெக்கார்டரின் மீட்பில் அளவுகோல் செய்த வேலையை, யாழின் மீட்பில் சொற்பொருள் ஆய்வே செய்யவேண்டியுள்ளது. திவவு என்னும் ஒரு சொல்லைப் பிழையாகக் கொண்டால், கருவியே பிழையாக உருவாகும்.

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் மூன்று முன்மொழிவுகள் எழுகின்றன. ஒன்று, யாழை மட்டும் தனித்து மீட்டுருவாக்காமல், அடியார்க்குநல்லார் தரும் அளவின்படி வங்கியத்தை முதலில் செய்து, அதன் சுருதியை அளந்து, அதற்கு யாழை இசைகூட்டிப் பார்த்தல் வேண்டும். விரல் அளவு ஆளுக்கு ஆள் மாறுமாதலின், பல விரலளவுகளில் குழல்கள் செய்து ஒப்பிடுதல் தேவை. இரண்டு, முறுக்காணிகளைப் பொருத்தும் முன் வார்க்கட்டுத் திவவோடு ஒரு யாழையேனும் செய்து, அது எத்தனை நேரம் சுருதி நிற்கிறது என்பதைப் பதிவுசெய்தல் வேண்டும். மூன்று, குமிழங்கொம்பும் மருள்நாரும் கொண்டு இடையனின் வில்யாழைச் செய்து பார்த்தல் எளிது. இசைக்கல்லூரியும் தமிழ்த்துறையும் கைகோத்தால் ஒரு பருவத்திற்குள் முடியும் பணி இது. பேரியாழின் 21 நரம்புக்குச் செல்லும் முன் இச்சிறு கருவி கற்றுத்தருவன பல இருக்கும்.

முடிவுரை

ரெக்கார்டர், ஹார்ப், நரம்பிசைக் குழு ஆகியவற்றின் கூட்டிசையை அளவுகோலாகக் கொண்டு நோக்கியதில், நிலைத்தது, முன்னமைத்தது, கட்டற்றது என்னும் மூவகைச் சுருதி நிலைகள் தமிழ் மரபிலும் முறையே குழல், யாழ், மிடறு என அமைந்திருந்தமை புலனாகிறது. பெரும்பாணாற்றுப்படையின் இடையன் பண்ணை மாற்றக் கருவியையும் மாற்றுவதும், அரங்கேற்று காதையில் குழலுக்கு யாழ் வழிநிற்பதும் ஒரே இயற்கையின் இரு வெளிப்பாடுகள். திவவு என்பது இசைகூட்டும் உறுப்பு என்பதற்கு அந்நூலின் அடைமொழியும் மியான்மர் யாழின் வழக்கும் ஒருங்கே துணைநிற்கின்றன. குழலையும் யாழையும் இனிமையின் இணைப்பெயர்களாகவே நாம் நெடுங்காலம் வழங்கிவருகிறோம். அவை ஒன்றற்கொன்று செவிகொடுத்த கருவிகளும் ஆகும். அச்செவிகொடுத்தலை மீண்டும் கேட்க வேண்டுமாயின், குழலைச் செய்து, அதன்பின் யாழைக் கட்டுதலே முறை.